துண்டுக்கு அடியில்

ஆறு வருஷமாக ஹபீபுர் ரஹ்மானும் அவன் தங்கை புருஷன் குலாம் முகம்மதுவும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள், பெரியமேட்டுத் தோல் மண்டியில், ஒருவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

காரணம் மண்டியின் வழக்கம். அங்கே விலை வாயில் வராது. வாங்குகிறவனும் விற்கிறவனும் வலது கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். பேச வேண்டியதை விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. உள்ளங்கையில் நகத்தால் கீறினால், "கட்டாது, போ." மணிக்கட்டைப் பற்றி ஒரு குலுக்கு குலுக்கினால் பேரம் முடிந்தது. அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான். மாற்றிப் பேசினவனுக்கு அந்தத் தெருவில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். பேச்சு முறிந்த இரண்டு தரகர்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் பகையை வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

பேச்சு முறிந்ததும் அதே மண்டியில்தான். குலாம் கொண்டுவந்த ஆட்டுத்தோல் கட்டில் கத்தி பட்ட ஓட்டைகள் அதிகம் என்று ரஹ்மான் முகம் சுளித்தான். குலாம் அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கசாப்புக்காரன் மவனுக்கு வெட்டு மட்டும் நல்லாத் தெரியுது பாரு" என்றான்.

விஷயம் உண்மை. கோளாறே அதுதான். ரஹ்மானின் அத்தா மீர்சாகிப்பேட்டையில் கறிக்கடை வைத்திருந்தவர். பத்து வயசிலிருந்து பதினெட்டு வயசுவரை ரஹ்மான் ஆடு உரித்தவன். அதற்கப்புறம் சில்க் ஜிப்பா, அத்தர், தங்கப் பொத்தான் என்று இருபது வருஷம் பாடுபட்டு அந்த வாடையை ஊர் மறக்கும்படி செய்திருந்தான். குலாம் ஒரே வாக்கியத்தில் மூடிய கடையைத் திறந்துவிட்டான்.

ரஹ்மான் கையில் தோல் கட்டுத் தூக்கும் இரும்புக் கொக்கி இருந்தது. யோசிக்காமல் வீசினான். குலாமின் காது மடல் பாதிவரை கிழிந்து தொங்கியது. கிழிந்த காதோடு குலாம் அவனைத் தரையில் சாய்த்து, எழுந்திருக்க விடாமல் இடது முழங்காலால் விலாவில் இடித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் எதிர்ச்சாரியில் இருந்த தராசுக்காரனுக்குக் கேட்டது. பிரித்து நிறுத்தியபோது இரண்டு பேரும் ரத்தம் ஒழுக ஒழுக ஒரே சத்தியத்தைச் செய்தார்கள்: இனிமேல் முதலில் வாய் திறந்து பேசுகிறவன் நாய்.

இது இப்படியிருக்க, நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி மெட்ராஸ் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஓடியவர்கள் ஒவ்வொருவராக அசடு வழியத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம், மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்த சந்திரமௌலி ஒரு மீட்புத் தொண்டர் படையை ஆரம்பித்தார். குண்டு விழுந்த மாடியிலிருந்து ஆளை இறக்க வேண்டுமானால் கயிற்றில் தொங்கத் தெரிய வேண்டும்; தொங்கிப் பழக மலை வேண்டும் என்பது அவர் கட்சி. மயிலாப்பூரில் மலைக்கு எங்கே போவது? சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, சின்னமலைக்குப் பின்புறம், அடையாற்றங்கரையில் கைவிட்டுப்போன ஒரு கல்குழியைக் கண்டுபிடித்தார். மேல் விளிம்பிலிருந்து அடிவரை அறுபதடி. வெறும் பள்ளம்தான். ஆனால் பள்ளத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதுவும் மலைதானே?

ரஹ்மான் படையில் சேர்ந்தது குலாம் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு. குலாம் சேர்ந்தது ரஹ்மான் சேரப் போகிறான் என்று கேள்விப்பட்டு. இதில் யார் முதல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்தடுத்த வீடு. ஒருவன் தகரத் தொப்பியும் கைப்பட்டையுமாகக் கச்சேரி ரோட்டில் மிடுக்காக நடந்தால் இன்னொருவன் எப்படிச் சும்மா இருப்பான்?

டிரில் மாஸ்டருக்கு மண்டிக் கதை எதுவும் தெரியாது. "மச்சானும் மச்சானும். ஒரே உசரம், ஒரே எடை. ஒரு கயத்துல ரெண்டு பேரையும் ஜோடி சேர்த்துட்டேன்" என்றார், புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு.

வேடிக்கை என்னவென்றால், அது நன்றாகவே ஓடியது. கீழே தொங்குகிறவன் கயிற்றை ஒருதரம் இழுத்தால் விடு, இரண்டுதரம் இழுத்தால் நிறுத்து, மூன்றுதரம் இழுத்தால் மேலே தூக்கு. விரலில் பேசியே வயிறு வளர்த்தவர்களுக்கு இது ஒரு வித்தையா? மற்ற ஜோடிகள் "விடுடா! பிடிடா! அடப் பாவி!" என்று தொண்டை கிழியக் கத்தியபோது இவர்கள் மூச்சுக் காட்டாமல் ஏறி இறங்கினார்கள்.

"டிஸிப்ளின்னா இது!" என்று சந்திரமௌலி மற்றவர்களுக்குச் சுட்டிக் காட்டினார். "ஒரு வார்த்தை வரதா பாருங்கோ!"

நாற்பத்து மூன்று அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹ்மான் கையில் கயிறு வழுக்கியது. குலாம் பத்தடி சறுக்கிப் பாறையில் முகத்தால் மோதினான். முன்பல் இரண்டு போயிற்று. வேண்டுமென்றே விட்டானா என்று ரஹ்மானைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. கயிறு ஈரமாக இருந்தது வாஸ்தவம். அந்த நேரத்தில் அவன் குலாமின் பிளந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் வாஸ்தவம்.

அடுத்த ஞாயிறு விடிந்தபோது மூன்று நாளாக மழை விட்டிருக்கவில்லை. ரஹ்மான் சைக்கிளை வெளியே தள்ளும்போது தங்கை கைசர் ஜஹான் பக்கத்து வாசலில் நின்றாள். உள்ளே குலாம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன், அவருக்கும் சேத்துத்தான் சொல்றேன். ரெண்டு பேரா போறீங்க. ரெண்டு பேராத் திரும்பி வாங்க. ஒரு ஆளா வந்து நின்னா நான் கதவு தெறக்க மாட்டேன். அது எந்த ஆளா இருந்தாலும் சரி."

ரஹ்மான் தலையை ஆட்டினான். உள்ளேயிருந்து குலாம் தொண்டையைக் கனைத்தான். இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

மாம்பலம் தாண்டும்போதே சாலையில் முழங்கால் தண்ணீர். அன்றைக்குக் கல்குழிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாலே பேர்: சந்திரமௌலி, மச்சான்கள் இரண்டு பேர், லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த கிச்சா. கிச்சா ஒல்லியான குடுமிக்காரன். முதலுதவிப் பெட்டி அவன் பொறுப்பு. அதில் ரத்தப் படம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது; அந்தப் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புரட்டுவான்.

"சார், ஆத்தைப் பார்த்தேளா? பாலத்தைத் தொட்டுண்டு போறது. இன்னிக்கு விட்டுடலாமே" என்றான் கிச்சா.

"மழைன்னுட்டு ஜப்பான்காரன் லீவு போடுவானா? கயத்தைக் கட்டு."

விளிம்பில் அடித்திருந்த இரும்பு முளையில் கயிற்றைக் கட்ட ரஹ்மான் குனிந்தான். பின்னாலிருந்து ஒரு உதை விழுந்தது. குறி தவறாத உதை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒடித்த அதே விலா. ரஹ்மான் சேற்றில் முகம் புதைய விழுந்தான். திரும்புவதற்குள் குலாம் மேலே ஏறி உட்கார்ந்து, தகரத் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பால் முகத்தில் இறக்கினான். புருவம் பிளந்தது. இரண்டாவது அடியில் மூக்கு. பல்லில்லாத வாயை இளித்துக்கொண்டே மூன்றாவதற்குக் கையை ஓங்கினான்.

ரஹ்மான் அந்தக் கையைக் கடித்தான். விடாமல் கடித்தான். உப்பாக வாய் நிரம்பியது. குலாம் அலறிக்கொண்டு சரிய, இவன் புரண்டு மேலே வந்து குரல்வளையைப் பிடித்தான். கிச்சா நடுவில் புகுந்து, "பாய்! பாய்! வேண்டாம் பாய்!" என்று இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். முழங்கை ஒன்று பட்டு அவன் மூக்கிலும் ரத்தம் வந்தது. சந்திரமௌலி விசிலை ஊதினார். நிறுத்தாமல் ஊதினார். அத்தனை களேபரத்திலும் திட்டு என்று ஒரு வார்த்தை கிடையாது. உறுமல், அடி, மூச்சு, அவ்வளவுதான். பேசினால் நாய் அல்லவா?

அப்போது தரை நகர்ந்தது.

பாறைக்கு மேலே நாலடிக்குச் செம்மண். மூன்று நாள் மழை குடித்து ஊறிப்போன மண். அதன் மேல் இரண்டு ஆம்பிளைகள் புரண்டால் எத்தனை நேரம் தாங்கும்? விளிம்பு அப்படியே ஒரு துண்டாகப் பெயர்ந்தது. ரஹ்மானின் பிடி குரல்வளையிலிருந்து சட்டைக்கு மாறியது. கொலை செய்யப் பிடித்த கை காப்பாற்றப் பிடித்தது. சட்டை கிழிந்தது. இவனுடைய பெல்ட்டைக் கிச்சா விடாமல் பிடித்திருந்ததால் இவன் நின்றான். குலாம் மண்ணோடு மண்ணாகச் சரிவில் உருண்டு போனான். அவனுக்குப் பின்னாலேயே ஒரு மாட்டுவண்டி அளவு கல்லும் உருண்டது.

எட்டிப் பார்த்தார்கள். குழியின் அடியில் ஏற்கெனவே முழங்காலளவு தண்ணீர். குலாம் உட்கார்ந்த வாக்கில் இருந்தான். உயிர் இருந்தது, வாயில் சத்தமும் இருந்தது. கல் அவன் இடது காலைப் பாதத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை கவ்வி உட்கார்ந்திருந்தது.

"கிண்டியில மிலிட்டரி லாரிக் கொட்டகை இருக்கு. ஜாக்கி இல்லாம இந்தக் கல்லு அசையாது. அரை மணியில வரேன்" என்று சந்திரமௌலி சைக்கிளில் ஏறினார். ஐம்பது வயசுக்காரர் சேற்றில் மிதித்துக்கொண்டு போன வேகம் கிச்சாவுக்கே ஆச்சரியம்.

முளை பெயராமல் நின்றது; ரஹ்மானும் கிச்சாவும் அதில் கயிற்றைக் கட்டி இறங்கினார்கள். கூட ஒரு கடப்பாரை, முதலுதவிப் பெட்டி. ரஹ்மானின் இடுப்பில் எப்போதும்போல் ஒரு சின்ன வளைந்த கத்தி. தோலைச் சுரண்டித் தரம் பார்க்கத் தரகர்கள் வைத்துக்கொள்வது. வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்வான். உண்மையில் அது அவன் அத்தாவின் உரிகத்தி. பிடியை மட்டும் தந்தத்தில் மாற்றியிருந்தான்.

குலாம் ரஹ்மானைப் பார்க்கவில்லை. கிச்சாவைப் பார்த்தான். "கிச்சா, மேலேர்ந்து தள்ளினவன் கீழ எதுக்கு எறங்கிக்கினு வர்றான்னு கேளு."

"பாய், அவர் கேக்கறார்..."

"காது கேக்குது எனக்கு. கால் எப்படிக்கீதுன்னு கேளு."

"மரத்துப் போச்சுன்னு சொல்லு."

கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து இரண்டு பேரும் தொங்கினார்கள். கல் நகரவில்லை. கடப்பாரை மண்ணுக்குள் போயிற்று. குலாமின் இடுப்பில் இருந்த தண்ணீர் இப்போது வயிற்றுக்கு வந்திருந்தது. குழிக்குள் கல் வண்டி இறங்குவதற்கு ஆற்றுப்பக்கம் வெட்டிவிட்ட பாதை வழியே அடையாறு மெல்ல எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ரஹ்மான் அந்தப் பாதையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், கிண்டி எத்தனை தூரம் என்று மனசுக்குள் மிதித்துப் பார்த்தான். கணக்கு உதைத்தது.

தண்ணீருக்குள் கையை விட்டுக் குலாமின் முழங்காலைத் தடவினான். சில்லு, அதற்குக் கீழே நரம்பு, இரண்டு பக்கமும் எலும்பு சேரும் பள்ளம். பதினெட்டு வயசில் விட்ட வேலையை விரல்கள் மறக்கவில்லை.

"கிச்சா, அவன்கிட்ட சொல்லு. முட்டியில எடுத்துட்டா கால் போவும், ஆள் தேறுவான். ஜாக்கி வர்றதுக்குள்ள தண்ணி தலைக்கு மேல போய்டும்."

கிச்சா கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

குலாம் காறித் துப்பினான். "கசாப்புப் புத்தி எங்க போவும்? காலத் தொட்டான்னா அவன் கைய ஒடைச்சிடுவேன்னு சொல்லு!"

"உங்க கையை ஒடைச்சுடுவாராம், பாய்."

"ஒடைக்கட்டும். அதுக்கு உசுரோட இருக்கணும்ல? அதையும் சொல்லு."

கிச்சா சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பாதையின் கரை இடிந்தது. ஆறு ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது. முள்மரம் ஒன்று, செத்த எருமை ஒன்று, ஓலைக் கூரை ஒன்று, எல்லாம் சுழன்றுகொண்டு வந்தன. எருமையின் கொம்பு கிச்சாவின் தோளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்துவதுகூடக் கேட்கவில்லை. தண்ணீர் குலாமின் மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது. கிச்சா பின்னால் போய் அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அலை வந்து வந்து வாயில் அடித்ததால் குலாம் உதட்டை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான்.

இனி வாயும் கிடையாது, தூதனும் கிடையாது.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. ரஹ்மானின் பல் பதிந்த, ரத்தம் கசிகிற வலது கை. ரஹ்மான் அதைப் பிடித்தான். பிடித்தவன் என்ன நினைத்தானோ, கழுத்தில் சுற்றி நனைந்திருந்த துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டான். பார்க்க அங்கே கிச்சாவைத் தவிர நாதி இல்லை. இருந்தாலும்.

குலாம் முதலில் கையைச் சும்மா வைத்திருந்தான். பிறகு ரஹ்மானின் நாலு விரலைப் பிடித்து, கண்ணால் கடப்பாரையைக் காட்டினான். நாலு தடவை நெம்பிப் பார், அப்புறம் காலைப் பேசலாம்.

ரஹ்மான் உள்ளங்கையில் கீறினான். ஒரு விரலைப் பிடித்தான். ஒரு தடவைதான்.

குலாம் கீறினான். மூன்று.

ஒரு நெம்புக்கு ஆகிற நேரத்தில் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியது. குலாமின் மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்தது. இரண்டு பேரும் தரகர்கள். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரியும். குலாமின் முகத்தைப் பார்த்தால் மண்டியில் வழக்கமாக வைத்துக்கொள்கிற அதே கல்லு முகம், சரக்கு தேவையே இல்லாதவன் போல. ஆனால் துண்டுக்கு அடியில் அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் ரஹ்மான் அந்தக் கையின் பொய்களையெல்லாம் பார்த்திருக்கிறான். இது பொய் இல்லை. தங்கையின் வாசற்கதவு அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு, என்று பிடித்தான்.

குலாம் கீறவில்லை.

ரஹ்மான் கடப்பாரையில் முழு உடம்பையும் போட்டான். ஒடிந்த விலா உள்ளே குத்தியது. கல் முனகக்கூட இல்லை. இரண்டாவது தடவை கல்லுக்கு நேர் கீழே, காலுக்குப் பக்கத்திலேயே கொடுத்து நெம்பினான். கல் ஒரு மயிரிழை எழுந்து, திரும்ப உட்கார்ந்தது. தண்ணீருக்கு அடியில் என்னவோ நொறுங்கியது கடப்பாரை வழியே அவன் கைக்கு ஏறியது. குலாமின் கண்கள் பிதுங்கின.

ரஹ்மான் கடப்பாரையை விட்டுவிட்டு, துண்டுக்குள் கையை நீட்டி, காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தினால் பேரம் கெடும்.

குலாமின் கை அவன் விரல்களைத் தாண்டி மேலே ஏறி, மணிக்கட்டைப் பற்றி, ஒரு குலுக்கு குலுக்கியது.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், நடந்ததும் வேகமாகத்தான். அதே துண்டைத் தொடையில் சுற்றி, சந்திரமௌலி சொல்லிக்கொடுத்தபடி ஒரு கட்டையைச் சொருகி, இனிமேல் சுற்றாது என்கிறவரை முறுக்கினான். கட்டையின் நுனியைக் கிச்சாவின் ஒரு கையில் திணித்தான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கண்ணால் ஒன்றும் தெரியாது. இடது கை வழி காட்ட வலது கை போயிற்று. சில்லுக்குக் கீழே ஒரு இழுப்பு. முட்டி வாய் பிளந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நரம்பு, தேங்காய்க் கயிறு மாதிரி, அறுத்தான். நடுவில் குறுக்கே போகிற இரண்டு. அங்கேதான் கத்தி சிக்கும். ஒருதரம் சிக்கியது. குலாம் வாயைத் திறந்துவிட்டான். அவன் கத்தியது தண்ணீராகக் குமிழியிட்டது. அவன் கை கண்மூடித்தனமாகத் துழாவி, பின்னால் இருந்த கிச்சாவின் குடுமியைப் பிடித்து ஒரு கொத்தாகப் பிய்த்தது. கிச்சா வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பிடித்தான், கட்டையையும் விடவில்லை. ரஹ்மான் கத்தியைத் திருப்பி, மறுபுறம் நுழைத்து, பின்னாலிருந்த சதையோடு ஒரே வீச்சில் எடுத்தான். சேற்றுத் தண்ணீர் இடுப்பைச் சுற்றிச் சிவந்தது; உடனே ஆறு அதை அடித்துக்கொண்டு போயிற்று.

குலாம் லேசாகிவிட்டான். மூக்குவரை ஏறிக் கொல்லப் பார்த்த தண்ணீரே இப்போது மூன்று பேரையும் தூக்கியது. ரஹ்மான் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் குலாமின் அக்குளுக்குக் கீழே மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே மேலே மிதந்து, பாறை மடிப்பு ஒன்றில் அவனை ஏற்றிப் போட்டான். கன்னத்தில் அறைந்தான். இன்னொன்று அறைந்தான். மூன்றாவதில் குலாம் கண்ணைத் திறந்தான். நாலாவது தேவையில்லாதது, ஆனாலும் கொடுத்தான்.

சந்திரமௌலி நாலு சிப்பாய்களோடு விளிம்பில் வந்து நின்றபோது கல் இருந்த இடத்தின் மேல் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். அவர் கையில் ஜாக்கி இருந்தது. கீழே பார்த்தார். ஜாக்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

எட்டு நாள் கழித்து வெள்ளம் வடிந்ததும் ரஹ்மானும் கிச்சாவும் சிப்பாய்களும் போய்க் கல்லைப் புரட்டினார்கள். கிடைத்ததை வெள்ளைத்துணியில் சுற்றிக் கபரஸ்தானில் ஒரு ஓரமாக அடக்கம் செய்துவிட்டு வந்தான் ரஹ்மான். அந்தச் செய்தி ஆஸ்பத்திரிக்குப் போனபோது குலாம், "காலு முன்னாடிப் போய் எடம் புடிச்சு வெச்சிருக்குது" என்று பக்கத்துக் கட்டில்காரனிடம் சொன்னானாம்.

ரஹ்மான் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பதின்மூன்றாம் நாள் கைசர் ஜஹான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கதவு தெறந்துதான் கீது. வா."

கட்டிலருகே டாக்டர் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். குலாம் இளைத்து, பல்லும் காலும் குறைந்து, தலையணையில் சாய்ந்திருந்தான். ரஹ்மானைப் பார்த்ததும் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் டாக்டர். "எலும்புல ஒரு கீறல் கெடையாது. சந்துக்குள்ள நேரா நுழைஞ்சு வந்திருக்கான். யாருய்யா இதைப் பண்ணினது?"

ரஹ்மான் ஜிப்பாவின் தங்கப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

குலாம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க வூட்டு ஆளுதான், டாக்டர். பரம்பரைக் கசாப்பு. நல்ல கை."

டாக்டர் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கைசர் ஜஹான் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனாள். மச்சான்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

குலாம் போர்வைக்கு அடியிலிருந்து வலது கையைக் கொஞ்சம் நகர்த்தினான். போர்வை எழுந்து நின்றது, துண்டு மாதிரியே.

ரஹ்மான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை உள்ளே கொடுத்தான்.

குலாம் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தான். மெல்லப் பின்பக்கமாக ஒரு அழுத்து. ரஹ்மானுக்குப் புரிந்தது. கல்குழியில் சொன்ன சொல்லை ஆள் மறக்கவில்லை. காலைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொன்னவன், சொன்ன சரக்கைக் கேட்கிறான்.

ரஹ்மான் கையை இழுத்துக்கொள்ளலாம். எழுந்து போகலாம். ஒற்றைக்கால்காரன் துரத்தியா வரப் போகிறான்? அவன் இழுக்கவில்லை. உள்ளங்கையில் கீறினான். கட்டாது.

மூன்று, என்று பிடித்தான் குலாம்.

மறுபடியும் கீறினான். மூன்று வாரம் முன்னால் கயிறு வழுக்கியது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அவன் கீறியதில் பலமில்லை. குலாமும் அதைக் கவனித்திருப்பான்.

இரண்டு. குலாமின் கை இப்போது நடுங்கவில்லை. சூடாக, கெட்டியாக, உயிரோடு இருந்தது.

ரஹ்மான் யோசித்தான். பிறகு தானாகவே சுண்டுவிரலை மட்டும் நீட்டினான். ஒன்று. அதற்கு மேல் காசு கொடுத்தாலும் கிடையாது என்கிற மாதிரி மற்ற நாலையும் மடக்கிக்கொண்டான்.

பிறகு குலாம் மணிக்கட்டைப் பற்றி ஒரு குலுக்கு குலுக்கினான்.

சுள்ளி ஒடிந்த மாதிரிச் சத்தம். ரஹ்மானுக்கு வலி உச்சிவரை வெள்ளையாக ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டான், ஒரு எழுத்து வெளியே வரவில்லை. குலாம் கையை விடுவித்துக்கொண்டு, மண்டியில் துண்டை உதறுவதுபோலப் போர்வையை ஒரு உதறு உதறிப் போர்த்திக்கொண்டான். பிறகு தலைமாட்டில் தனக்கு வைத்திருந்த டீயில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி, ரஹ்மான் பக்கம் தள்ளிவைத்தான்.

ரஹ்மான் இடது கையால் அதை எடுத்துக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வெளி அறையில் அதே டாக்டர் விரலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினார். "இப்போதான் உள்ள பார்த்தேன், நல்லா இருந்தீர். அஞ்சு நிமிஷத்துல எப்படி ஒடிஞ்சுது?"

"அஞ்சு கேட்டான், டாக்டர்" என்றான் ரஹ்மான். "ஒண்ணுக்கு முடிச்சுட்டேன்."